பழைய ஓட்டு வீடா, புது மாடி வீடா? குமரிப் பக்கம் வீடு வாங்குறவங்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடு தேட ஆரம்பிச்சா புரோக்கர் ரெண்டு தினுசு காட்டுவாரு. ஒண்ணு, 10 செண்ட் 12 செண்ட்ல கெணறும் பலாவுமா, உள்ள அயனியும் தேக்கும் போட்ட மரத்தட்டு, நடுவுல முற்றம்னு ஒரு ஓட்டு வீடு. அடுத்தது 5 செண்ட்ல நாலஞ்சு வருசம் முன்ன கெட்டுன மாடி வீடு, டைல்ஸ் மினுங்கும், கார் நிக்க போர்டிகோ இருக்கும். வெல ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் சொல்லுவாங்க, அங்கதான் கொழப்பமே தொடங்குது. பழசை பாத்த ஒடனே மயங்கி அட்வான்ஸ் குடுத்தவங்களையும் தெரியும், பழசுன்னாலே தொல்லைன்னு படி ஏறாம திரும்பினவங்களையும் தெரியும், ரெண்டு கூட்டமும் வீட்டை பாக்கவே இல்ல.

வீட்டை பாக்கதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. அந்த வீட்டுல தினமும் யாரு இருக்க போறா? எனக்க அபிப்பிராயத்துல முக்கால்வாசி முடிவு இதுலயே ஆயிரும். ஓட்டு வீடு ஆள் பொழங்குற வரைக்கும் நல்லா நிக்கும், பூட்டி போட்டா ரெண்டு மூணு மழைக்காலத்துலயே கேடாகத் தொடங்கும். காரணம் சின்னதுதான். அணிலோ தேங்காயோ பட்டு ஒரு ஓடு வெலகும், அது வழியா மழை வெள்ளம் ஒரே கழுக்கோல் (ஓட்டை தாங்குற சரிவு மரம்) மேல சொட்டிட்டே இருக்கும், ஆள் இருந்தா அன்னைக்கே கம்பை விட்டு தள்ளி ஓட்டை நேராக்கிருவாங்க, ஆள் இல்லன்னா ஜூன்ல வர்ற எடவப்பாதி மழை முடிஞ்சு ஐப்பசி மழையும் முடிஞ்சு யாராவது வந்து பாக்கும்போ அந்த கழுக்கோல் இத்துப் போய் சிதலும் (கறையான்) ஏறியிருக்கும். நம்ம பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கிடுங்க, தக்கலை பக்கத்துல தமிழ்நாட்டு மண்ணுல இருக்கு, பாத்துக்கிடுறது கேரள தொல்லியல் துறை, அங்க நாளும் பொழுதும் ஆள் நடமாட்டமும் பராமரிப்பும் இருக்கதுனாலதான் அத்தனை மரமும் இன்னும் நிக்குது.

அதனால நீங்க கல்ஃப்ல இருக்கீங்க, ஊருல வயசான அம்மா மட்டும்தான், வருசத்துக்கு ஒரு மாசம் வருவீங்கன்னா பழைய வீட்டு ஆசையை விட்டுருங்க. குனிஞ்சு போற நிலைப்படி, ராத்திரி முற்றத்தை தாண்டி போகணும்ங்கிற கக்கூஸ், ஒசரமான படி எல்லாம் எழுபது வயசு ஆளுக்கு ஆகாது. குடும்பமா ஊருலயே இருக்க போறீங்க, கூப்பிட்டா வர்ற ஒரு ஆசாரியும் ஓடு மாத்துற ஆளும் பக்கத்துல உண்டுன்னா மட்டும் மேற்கொண்டு படிங்க.

பழைய வீட்டுக்க ஆதாரம்

கூரையை பாக்க ஏறதுக்கு முன்ன கடுதாசியை பாருங்க, ஏன்னா கூரை கேடு வந்தா பைசா போகும், கடுதாசி கேடு வந்தா வீடே போகும். நம்ம மாவட்டம் 1949 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட கெடந்தது, அதனால பழைய ஆதாரம் (பத்திரம்) நெறைய மலையாளத்துல இருக்கும், தேதியும் கொல்லம் ஆண்டுல இருக்கும். கொல்லம் ஆண்டோட 825 கூட்டுனா ஏறக்குறைய ஆங்கில வருசம் வரும், 1105-ன்னு எழுதியிருந்தா 1929-30ன்னு வச்சுக்கிடுங்க. படிக்க தெரியலன்னு அதை ஒதுக்கி வச்சுட்டு கடைசி பத்திரத்தை மட்டும் வக்கீல்கிட்ட காட்டுறவங்க உண்டு, அது சரியில்ல. மலையாளம் தெரிஞ்ச ஆதாரம் எழுத்துக்காரர் கொண்டு முழுசா தமிழ்ல எழுதி வாங்குங்க, வழிப்பாதை உரிமை, கெணத்துல பங்கு, பக்கத்து வீட்டோட பொதுச்சுவர் இதெல்லாம் அந்த பழைய ஆதாரத்துலதான் கெடக்கும். வடிவீஸ்வரம், கோட்டாறு மாதிரி தெரு வீடுன்னா சுவர் காரியம் ரொம்ப முக்கியம், நீங்க இடிச்சு கெட்டணும்னு நெனச்சா பக்கத்து வீட்டுக்க உத்தரம் உங்க சுவத்துல ஏறி இருக்கும்.

அடுத்தது பங்கு. பாட்டாவுக்க பேருல இருக்க வீடு, பாட்டா போயி முப்பது வருசம் ஆச்சு, விக்க வர்றது மூத்த பேரன், "எல்லாருக்கும் சம்மதம்தான், நீங்க அட்வான்ஸ் போடுங்க"ம்பாரு. போடாதீங்க. ஒவ்வொரு தலைமுறைக்கும் வாரிசு சான்று வாங்கி ஒரு தாள்ல வம்சாவழி வரைஞ்சு பாருங்க, கெட்டிக் குடுத்த பொம்பள புள்ளைகளுக்க பேரு விட்டு போயிருக்கான்னு முதல்ல அதைத்தான் பாக்கணும். இந்து வாரிசுரிமை சட்டத்துக்கு தமிழ்நாட்டுல 1989 திருத்தமும் அப்புறம் 2005 மத்திய திருத்தமும் வந்த பிறகு மகளுக்க பங்கை சும்மா ஒதுக்க முடியாது. நாஞ்சில்நாட்டு குடும்பங்கள்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, 1926-ல நாஞ்சில்நாடு வேளாளர் சட்டம் வர்றதுக்கு முன்ன மருமக்கள் வழியில (மகனுக்கு இல்லாம சகோதரி புள்ளைகளுக்கு) போன சொத்துன்னா பங்கு போன வழியே வேற, அந்த காலத்து பாகப்பத்திரம் இல்லாம கணக்கு தெளியாது. மைனர் பங்கு உண்டுன்னா கோர்ட் அனுமதி வேணும், வெளிநாட்டுல இருக்கவங்க பவர் பத்திரம் அனுப்பணும். எல்லாரும் கையெழுத்து போட்டா மட்டும்தான் கிரயம், இதுல இரக்கமே காட்டாதீங்க.

வில்லங்கச் சான்று ஆன்லைன்ல எத்தனை வருசம் கெடைக்குதோ அதோட நிறுத்திக்கிடாம, சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மனு போட்டு அதுக்கு முந்தினதும் எடுங்க. பட்டா யாரு பேருல, கூட்டுப்பட்டாவா, பழைய சர்வே நம்பரும் ரீசர்வே நம்பரும் ஒத்துப் போகுதா, புலப்படத்துல உள்ள அளவும் ஆதாரத்துல உள்ள அளவும் ஒண்ணான்னு சர்வேயரை வச்சு அளந்துருங்க. கோயிலை சுத்தி உள்ள வீடுன்னா மண்ணு யாருக்குன்னு தனியா கேக்கணும். மேல உள்ள கெட்டடம் அவங்களுக்கு, அடிமனை கோயிலுக்குன்னு இருந்தா பதிவும் நடக்காது, பேங்க் லோனும் கெடைக்காது. வட்டக்கோட்டை மாதிரி மத்திய தொல்லியல் துறைக்க பாதுகாப்புல உள்ள எடத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கெட்டவே முடியாது, அடுத்த 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான் கெட்டணும். பழைய வீட்டை வாங்கி பின்னாடி ரெண்டு ரூம் சேத்து எடுப்போம்னு கணக்கு போடுறவங்க இதை முன்னாடியே பாக்கணும்.

கூரையும் சுவரும்

கடுதாசி தெளிஞ்சா ஆசாரியை கூட்டிட்டு போங்க. இஞ்சினியரும் வரட்டும், ஆனா மரத்தை தட்டி பாத்து சொல்ல ஆசாரி வேணும். ஒரு டார்ச்சும் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரும் கையில இருக்கட்டும். கழுக்கோலும் உத்தரமும் நடுவுல நல்லாத்தான் இருக்கும், சுவத்துக்குள்ள சொருகி இருக்க முனைதான் முதல்ல இத்துப் போகும், அங்க குத்தி பாருங்க, ஸ்க்ரூ டிரைவர் லேசா எறங்குனா அந்த மரம் போச்சு. சிதல் ஏறுன மண்ணு கோடு பழசா காஞ்சு கெடந்தா பரவாயில்ல, ஒடச்சு பாத்தா உள்ள ஈரமா சிதல் ஓடுச்சுன்னா வேலை இன்னும் நடக்குதுன்னு அர்த்தம். வண்டு துளைக்கு கீழ புது பொடி விழுந்து கெடக்கான்னு பாருங்க. தேக்கு, அயனி, முத்துன பலா இதெல்லாம் தாங்கும், பனங்கழுக்கோலும் வயிரம் பாஞ்சதுன்னா கொள்ளாம், இடையில யாரோ ரிப்பேர்னு சொல்லி ரப்பர் தடியை சொருகி இருப்பாங்க, அதை எண்ணி வச்சுக்கிடுங்க, எல்லாத்தையும் மாத்தியே ஆகணும்.

முற்றம் உள்ள வீட்டுல கூரையும் கூரையும் சேருற நாலு மூலைப் பாத்திதான் எமன். அங்க போட்டிருக்க தகடு துருப்பிடிச்சு ஓட்டை ஆயிருக்கும், அதுக்கு நேர் கீழ உள்ள தூண் தலையையும் உத்தரத்தையும் பாத்தா வீட்டுக்க சரித்திரமே தெரியும்.

கூரை ஓடு ஒண்ணு எடுத்து திருப்பி பாருங்க, அடியில கம்பெனி பேரு அச்சு இருக்கும். மங்களூர்ல 1865-ல பாசல் மிஷன்காரங்க ஓட்டு பாக்டரி தொடங்குன பிறகு கோழிக்கோடு பக்கம் பெரோக் வரைக்கும் எத்தனையோ கம்பெனி வந்துச்சு, ஒவ்வொருத்தருக்க அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். ஒரு கம்பெனி ஓட்டுக்க காடியில இன்னொரு கம்பெனி ஓடு சரியா ஒக்காராது, இடுக்கு வழியா சாரல் அடிக்கும். கூரையில மூணு நாலு கம்பெனி ஓடு கலந்து கெடந்தா ஒழுக்கு ஓயாது, மொத்தமா எறக்கி பிரிச்சு அடுக்கணும். கணக்கு போட 100 சதுர அடி கூரைக்கு ஏறக்குறைய 150 ஓடு, ஆனா கூரை சரிவா இருக்கதுனால தரை அளவை விட கூரை அளவு கூடுதல் வரும், அதை மறந்துட்டு ஓட்டுக்கு வெல போட்டா பாதியில நிப்பீங்க. ரீப்பர், கூலி, எறக்குறதுல ஒடையுற ஓடு எல்லாம் தனி.

சுவர் வெட்டுக்கல்லோ மண்ணோ சுண்ணாம்பு சாந்து வச்சு ஒன்றரை அடி ரெண்டு அடி கனத்துல இருக்கும், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. பயப்பட வேண்டியது அதுமேல பின்னாடி யாரோ பூசுன சிமெண்ட் பூச்சு. பழைய சுவருக்கு அடியில ஈரம் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டாங்க, கீழ இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு பூச்சு வழியா வெளிய போயி காஞ்சிரும், சிமெண்ட் பூசுனா அது உள்ளயே நின்னு மூணு அடி ஒசரத்துக்கு பூச்சு உப்பி கழண்டு விழும். விக்கதுக்கு முன்ன புது பெயிண்ட் அடிச்சு இதை மறைச்சிருப்பாங்க, அலமாரி பின்னாடி, அரங்கு மூலை, அடுக்களை பக்கம் கைய வச்சு தடவி பாருங்க. திருப்பி சுண்ணாம்பு பூச்சு பூசத் தெரிஞ்ச கொத்தனார் இப்ப கொறவு, கூலியும் கூட.

வயரிங்கை பத்தி பேசவே வேண்டாம், முழுசா மாத்தணும், எர்த்தோட சேத்து. பாத்ரூம் ரெண்டு புதுசா வேணும், அதை ஓட்டு கூரைக்கு அடியில நொழைக்காம பின்பக்கம் தனி சாய்ப்பா கெட்டுறதுதான் புத்தி, வெள்ளம் கசிஞ்சாலும் மரத்துக்கு கேடில்ல.

புது வீடுன்னா

இங்க ஏமாறுறது இன்னும் சுலபம், ஏன்னா எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். முதல்ல அந்த வீட்டை யாரு இருக்கதுக்கு கெட்டுனா, யாரு விக்கதுக்குன்னே கெட்டுனான்னு பக்கத்துல விசாரிங்க. தானே இருக்க கெட்டுன ஆளு கம்பியில மிச்சம் பிடிக்க மாட்டான்.

மண்ணு பாருங்க. 2021 நவம்பர் மழையில நம்ம மாவட்டத்துல எத்தனை ஏலாவும் (வயல்) தெருவும் முங்குச்சுன்னு ஓர்மை இருக்குல்லா, அந்த மழையில இந்த வீட்டு முன்னாடி வெள்ளம் எவ்வளவு நின்னுச்சுன்னு விக்கவர்கிட்ட கேக்காம எதிர்த்த கடையில கேளுங்க. ஏலாவையோ குளக்கரையையோ மண்ணு போட்டு நெரப்பி கெட்டுன வீடுன்னா போர்டிகோ தரைக்கும் சுவருக்கும் நடுவுல விரிசல் வாய் பொளந்து நிக்கும், காம்பவுண்ட் சுவர் சாஞ்சிருக்கும், ஜன்னல் மூலையில இருந்து சரிவா விரிசல் ஓடும். தலைமுடி கனத்துல பூச்சுல மட்டும் ஓடுற விரிசல் காரியமில்ல, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே எடத்துல தெரிஞ்சா திரும்பி வந்துருங்க. பட்டாவுல நஞ்சைன்னு இருக்கான்னும் பாத்துருங்க.

சன்ஷேடுக்க அடிப்பக்கம், பீமுக்க அடிப்பக்கம் கம்பி போற நேர்க்கோட்டுலயே விரிசலும் துருக்கறையும் தெரிஞ்சா உப்பு மண்ணுல வேலை செஞ்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம், கடலோர ஊருல இது கூடுதலா பாக்கணும். மாடியில ஏறி நில்லுங்க. கான்கிரீட்டுக்கு மேல இரும்பு டிரஸ் அடிச்சு ஷீட் போட்டிருந்தா எதுக்குன்னு கேளுங்க, "வெயிலுக்கு"ம்பாங்க, பாதி வீட்டுல அது ஒழுகுறதுக்காக்கும். (ஓட்டு வீடு வேண்டாம்னு கான்கிரீட் போட்டு, அதுக்கு மேல திருப்பி கூரை போடுறோம், என்ன சொல்ல.) மதியம் ரெண்டு மணிக்கு மாடி பெட்ரூம்ல ஃபேன் போடாம பத்து நிமிசம் இருந்து பாருங்க, ஏசி இல்லாம அங்க தூங்க முடியுமான்னு தெரியும்.

5 செண்டுன்னா 2178 சதுர அடி, அதுக்குள்ள வீடும் கெணறும் செப்டிக் டேங்கும் இருக்கணும். டேங்கு கெணத்துல இருந்து 50 அடியாவது தள்ளி இருந்தா நல்லது, சின்ன மனையில அது நடக்காது, பக்கத்து வீட்டுக்காரர் டேங்கு உங்க கெணத்துக்கு பத்தடியில இருக்கும். கெணத்து வெள்ளத்தை லேப்ல குடுத்து பாத்துட்டு பேசுங்க.

அனுமதி வாங்குன பிளானை கையில வச்சுட்டு வீட்டை சுத்துங்க, பிளான்ல ஒரு மாடி, கெட்டுனது ரெண்டுன்னா பேங்க்காரனே நிறுத்துவான். மனை அங்கீகாரம் இல்லாததுன்னா 2016 அக்டோபர் 20-க்கு முன்ன பதிவாகி, 2017-ல வந்த வரன்முறை திட்டத்துல சரி பண்ணிருக்காங்களான்னு உத்தரவை கேளுங்க. ரெரான்னு சொல்லுற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டத்துல அஞ்சு வருச கெட்டட பொறுப்பு இருக்கேன்னு சிலர் சொல்லுவாங்க, அது பதிவு பண்ணுன பிராஜக்டுக்கு, தனியா கெட்டி விக்கிற ஒத்தை வீட்டுக்கு பெரும்பாலும் வராது.

பைசா கணக்கு

வெல ஒண்ணா இருந்தாலும் கையில வேண்டிய பைசா ஒண்ணா இருக்காது, இதைத்தான் பலரும் கடைசியில தெரிஞ்சுக்கிடுறாங்க. ஒரு உதாரணம் வச்சுக்கிடுவோம், ரெண்டு வீடும் 60 லட்சம். தமிழ்நாட்டுல முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2, ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரை உள்ள சொத்தை பொம்பளைங்க பேருல பதிஞ்சா 1 சதவீதம் கொறையும், 60 லட்சத்துக்கு அது உதவாது. லோன் 30 லட்சத்துல இருந்து 75 லட்சம் வரைன்னா மதிப்புல 80 சதவீதம்தான் குடுக்கலாம்ங்கிறது ரிசர்வ் பேங்க் வரம்பு, பத்திரச் செலவு அதுல சேராது. புது வீட்டை பேங்க் 60-ன்னே மதிச்சா 48 லட்சம் லோன், கையில 12-ம் பத்திரச் செலவும் சேத்து 17 லட்சத்து 40 ஆயிரம் போதும். பழைய ஓட்டு வீட்டை வேல்யூவர் மண்ணுக்கு மட்டும் வெல போட்டு 45-ன்னு எழுதுவாரு, லோன் 36, அப்போ கையில 29 லட்சத்து 40 ஆயிரம் வேணும், அதுக்கு மேல ரிப்பேர் வேற. ரிப்பேருக்கு ஆசாரி, கொத்தனார், எலக்ட்ரீஷியன் மூணு பேருகிட்டயும் தனித்தனியா எழுதி வாங்கி கூட்டி, அதுல பாதியை திரும்ப சேத்து வையுங்க, கூரையை பிரிச்சாத்தான் உள்ள என்னன்னு தெரியும். அந்த பைசா ரொக்கமா கையில இல்லன்னா பழைய வீடு எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

அதே நேரம் புரோக்கர்கிட்ட பேச இதுதான் பிடி. பேங்க் 45-ன்னு மதிச்ச வீட்டுக்கு 60 ஏன்னு கேளுங்க. 12 செண்ட் மண்ணு உங்க பேருக்கு வருதுங்கிறதும் உண்மைதான், அதனால பேரம் மண்ணு வெலையில இருந்து தொடங்கட்டும், தேக்கு மரத்துல இருந்து வேண்டாம். மரத்துக்காக பைசா கூட்டி குடுக்கணும்னா ஆசாரி குத்தி பாத்து நல்லதுன்னு சொன்ன மரத்துக்கு மட்டும் குடுங்க.

வெல 50 லட்சமோ அதுக்கு மேலயோ ஆனா 1 சதவீதம் பிடிச்சு வருமான வரிக்கு கெட்டுறது வாங்குறவங்க பொறுப்பு. விக்கவர் கல்ஃப்ல செட்டில் ஆன என்ஆர்ஐன்னா இந்த 1 சதவீதம் கணக்கு கெடையாது, அதைவிட ரொம்ப கூடுதல் பிடிக்கணும், விட்டுட்டா நோட்டீஸ் நமக்குத்தான் வரும். நம்ம ஊருல இது அடிக்கடி வர்ற காரியமாக்கும், ஆடிட்டரை பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் பாக்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அங்க முத்திரை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். கரம் தீர்த்த ரசீதுல (நிலவரி கெட்டுன ரசீது) "நிலம்"னு இருக்கா "புரயிடம்"னு (மேட்டு மண்ணு) இருக்கான்னு பாருங்க, நிலம்னா அது வயல், 2008 நெல்வயல் சட்டத்துக்குள்ள வரும், புது வீடு நின்னாலும் சிக்கல்தான். வில்லேஜ் ஆபீஸ்ல போக்குவரவு (பேர் மாத்தம்) முடிஞ்சு தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) விக்கவர் பேருல இருக்கணும்.

கடைசியா அக்ரிமெண்ட். ரெண்டு வீட்டுல எதுன்னாலும் ஒரு தடவை நல்ல மழையில போயி பாத்துட்டுத்தான் கையெழுத்து போடணும், வெயில் காலத்துல பாத்த வீடுன்னா கிரயத்தை மழை வரைக்கும் தள்ளி வையுங்க, புரோக்கர் மொகம் சுளிப்பாரு, சுளிக்கட்டும். அக்ரிமெண்ட்டை பதிவு பண்ணுங்க, வெறும் 20 ரூபா பத்திரத்துல எழுதி வச்சதோட விட்டுறாதீங்க. அதுக்குள்ள என்னென்ன வீட்டோட வரும்னு எழுதணும், பழைய வீட்டுல இது ரொம்ப அவசியம், கிரயம் முடிஞ்சு சாவி வாங்க போனா உள்ள இருந்த மரப்பெட்டி, ஊஞ்சல் பலகை, ஏன் கதவையே கழட்டிட்டு போனவங்க உண்டு. கெணத்து மோட்டார், தொழுத்துல அடுக்கி வச்சிருக்க மிச்ச ஓடு இதையும் சேத்து எழுதுங்க, அதே அச்சு ஓடு பின்னாடி தேடுனா கெடைக்காது.